மைக் செட் டிரங்குப் பெட்டியும் வேகம் தவறிய கேசட்டுகளும்

கேசட் டெக் ஒருவழியாகச் சரியான வேகத்துக்கு வந்துவிட்டது. 200 நொடியில் ஓட வேண்டிய நாடா இப்போது 199.8 நொடியில் ஓடி முடிகிறது. முப்பது வருடப் பழைய இயந்திரத்திடம் இதற்குமேல் கேட்க முடியாது. ஆனால் டெக் சரியானதும் வேலை முடிந்துவிடவில்லை. அதில் போட்ட கேசட்டுகள் பதிவானபோதே தப்பான வேகத்தில் பதிவானவை. இந்த இரண்டாவது பிழையை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் விரிவாக எழுதி வைக்கிறேன். ஊர்க் கச்சேரிக் கேசட்டுகளைப் பரணில் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும்.

கேசட்டுகள் சித்தப்பாவுடையவை. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வெகுகாலம் மைக் செட் வைத்திருந்தவர். திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று சூளகிரியிலிருந்து பாலக்கோடு வரை அவருடைய குழாய் ஸ்பீக்கர் போகாத ஊர் குறைவு. கச்சேரி நடக்கும் இடமெல்லாம் மிக்சரிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கேசட்டில் பதிவுசெய்துவிடுவார். அப்படிச் சேர்ந்தது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய. ஆர்க்கெஸ்ட்ரா, நாதஸ்வரம், கூத்து எல்லாம் கலந்து கிடந்தன. அவற்றில் பெரும்பாலானவை சினிமாப் பாட்டுகளை உள்ளூர்க்காரர்கள் மேடையில் பாடியவை. இன்றைய பேச்சில் கவர் பாடல்கள். இவற்றில் எது அருமை, எது மோசம் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கத்தான் முதலில் உட்கார்ந்தேன். ஓட விட்டுக் கேட்டதுமே தெரிந்தது, பாட்டை எடைபோடும் முன் இயந்திரத்தைச் சரிசெய்தாக வேண்டும் என்று.

ஜப்பானில் செய்த டெக். திறந்தபோது உள்ளே பெல்ட் இருந்த இடத்தில் கருப்புப் பிசின்தான் இருந்தது. பழைய ரப்பர் பெல்ட்டுகள் வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் உருகிக் கீலாகிவிடும். கையில் பட்டால் சோப்புக்குப் போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்தால்தான் போகும். கப்பிகளின் பள்ளத்தில் ஒரு துணுக்குப் பிசின் மிஞ்சினாலும் புதுப் பெல்ட் அந்த இடத்தில் துள்ளும், பாட்டு நடுங்கும். ஆகவே இந்த வேலையில் அவசரப்படக் கூடாது.

பெல்ட் அளவுக்கு ஒரு நூலைக் கப்பிகளைச் சுற்றி இழுத்துப் பிடித்து, நூலை ஸ்கேலில் வைத்து அளந்தேன். நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் சக்கரத்துக்குப் போகும் தட்டைப் பெல்ட்டின் பாதை 25.4 செ.மீ. வந்தது. பெல்ட் இதைவிட ஐந்து சதவீதம் சிறியதாக இருந்தால்தான் இழுவிசை இருக்கும், ஆகவே 24 செ.மீ. வாங்கினேன். அகலம் 5 மி.மீ. அளவு ஒட்டிய வட்டமான ரப்பர் பேண்டைப் போட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓடும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சுருதி அலையும். பெல்ட்டும், உடைந்த வேறொரு டெக்கிலிருந்து கழற்றிய, நாடாவை அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலரும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைத்தன. கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சென்னை ரிச்சி தெருவைவிட இதுதான் பக்கம்.

இனி வேகம். கேசட்டின் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டை வெளியிட்டபோது வைத்த அளவு, இன்றும் அதுதான். இதைச் சோதிக்கத் தனி டெஸ்ட் கேசட் விற்கிறார்கள், விலை அதிகம். நானே ஒன்று செய்துகொண்டேன். வெற்றுக் கேசட் ஒன்றில் போனிலிருந்து ஒரே சீரான ஒலியைப் பத்து நிமிடம் பதிவுசெய்தேன். பிறகு நாடாவை வெளியே இழுத்து, நடையில் நீளமாகப் போட்டு, ஸ்டீல் டேப்பால் 9.52 மீட்டர் அளந்தேன். 4.76 செ.மீ. வேகத்தில் இந்த நீளம் ஓட 200 நொடி ஆகும். இரண்டு முனைகளிலும் நாடாவை வெட்டி, கேசட்டின் ஆரம்பத்தில் வருமே காந்தப் பூச்சில்லாத வெள்ளை நாடா, அதில் ஒவ்வொரு துண்டை ஒட்டினேன். ஓட விட்டால் அந்த இரண்டு இடத்திலும் ஒலி அறுபடும். கணினியில் பதிவுசெய்து, முதல் அறுபடலுக்கும் இரண்டாவது அறுபடலுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் போதும். நாடாவை அளக்கும்போது இழுத்துப் பிடிக்கக் கூடாது, நீண்டுவிடும். தரையில் தளர்வாகக் கிடத்தி, சுருக்கம் மட்டும் எடுத்து அளக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

முதல் ஓட்டத்தில் 188.7 நொடி வந்தது. ஆறு சதவீதம் கூடுதல் வேகம். இசையில் ஆறு சதவீதம் என்பது ஏறக்குறைய அரைக் கட்டை, கீபோர்டில் ஒரு கீயிலிருந்து அடுத்த கீக்கு ஏறும் சுருதி. மோட்டாரின் முதுகில் சிறு துளை இருக்கிறது. அதற்குள் ஒரு பொட்டளவு திருகு. மெல்லிய திருப்புளியை விட்டு மயிரிழை திருப்பி, மறுபடி ஓட்டி, மறுபடி திருப்பி 199.8-க்குக் கொண்டுவந்தேன். பிளாஸ்டிக் முனையுள்ள திருப்புளி நல்லது. இரும்பு முனை உள்ளே வேறெதையாவது தொட்டால் மோட்டார் சர்க்யூட் போய்விடும்.

உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு வழியும் உண்டு. கம்பெனி போட்ட ஒரு சினிமாக் கேசட்டை ஓடவிட்டு, அதே பாட்டின் சிடி நீளத்தோடு ஒப்பிடலாம். பெட்டியிலிருந்த ஒரு கேசட்டை எடுத்து ஒப்பிட்டால் பாட்டின் நீளம் இருபது நொடிக்குமேல் வித்தியாசப்பட்டது. மோட்டாரை மறுபடி திருப்பப் போகும் முன் அட்டையைப் படித்தேன். படத்தின் பெயர் பெரிய எழுத்தில், ஓரத்தில் பொடி எழுத்தில் வேறு பாடகர்கள் பாடியது என்ற குறிப்பு. அது அசல் ஒலிப்பதிவே இல்லை, வெர்ஷன் கேசட். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கு இடம் கொடுத்தது. அசல் ஒலிப்பதிவு ஒன்று முன்பே வந்திருந்தால், முன்கூட்டியே தெரிவித்து உரிமைத் தொகையைக் கட்டிவிட்டு அதே பாட்டை வேறு குரலில் வெளியிடலாம். டி சீரிஸ் நிறுவனம் 1980-களில் இந்த வழியில்தான் பழைய இந்திப் பாட்டுகளைக் குறைந்த விலைக் கேசட்டில் நாடெங்கும் கொண்டுபோனது. 2012-இல் சட்டம் திருத்தப்பட்டு, முதல் ஒலிப்பதிவு வந்த வருடம் முடிந்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது. இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. அந்த வெர்ஷன் கேசட்டில் பாடியவர்கள் அசலை அப்படியே நகலெடுக்க முயன்றிருக்கிறார்கள், தங்களுடையதாக ஒரு கமகம்கூட இல்லை. அட்டையும் வாங்குபவரைக் குழப்பத்தான் அச்சடித்தது. அசல் கேசட் ஒன்றைத் தேடி எடுத்து ஒப்பிட்டபோது வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது.

நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டின் சாய்வையும் ஒவ்வொரு கேசட்டுக்கும் தனியாகச் சரிசெய்தேன். ஹெட்டுக்குப் பக்கத்துத் திருகைக் கால் சுற்றுக்குள் முன்னும் பின்னும் திருப்பினால் ஓரிடத்தில் ஜால்ராவும் பாடகரின் சகரமும் பளிச்சென்று தெளியும், அங்கே நிறுத்த வேண்டும். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டால் இந்த இடம் தப்பாது.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். உறையில் சித்தப்பாவின் கையெழுத்தில் ‘93 மாசி, சூளகிரிப் பக்கம்’ என்று எழுதிய கேசட். ஆர்க்கெஸ்ட்ரா. டெக்கைச் சரிசெய்த பின்னும் குரல்கள் எல்லாம் கீச்சென்று, தாளம் ஓட்டமாக இருந்தது. அப்படியானால் பதிவுசெய்த இயந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் வேகமாகக் கேட்கும். எவ்வளவு மெதுவாக ஓடியது? அந்த இயந்திரம் இப்போது இல்லை.

இதற்கு எல்லோரும் சொல்லும் வழி, மின்சார இரைச்சலை அளப்பது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளை இரைச்சல் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் தெரியும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று நொடி மௌனம் கிடைத்தால் அந்தத் துண்டை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் தேர்ந்தெடுத்து, அலைவரிசை வரைபடத்தைத் திறந்து முனை எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தெரியும் முனையை அளந்து மூன்றால் வகுக்கலாம். எனக்கு 306.9 வந்தது. மூன்றால் வகுத்தால் 102.3. ஆகவே 2.3 சதவீதம் வேகம் என்று கணக்கிட்டு அதைக் குறைத்தேன்.

கேட்டால் திருப்தியில்லை. குரல் இன்னும் மேலேதான் நின்றது. கீபோர்டை அளந்தேன். அந்தக் கால எலக்ட்ரானிக் கீபோர்டுகள் ஆறு கட்டை என்று நாம் சொல்லும் ‘ஏ’ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்துத் தயாரானவை. திருத்தாத பதிவில் அந்த இடத்தில் 463 இருந்தது. 440-க்கு 463 என்றால் 5.2 சதவீதம். மின்சார இரைச்சல் சொல்வது 2.3, கீபோர்டு சொல்வது 5.2. இரண்டும் ஒரே நாடாவில் ஒரே நொடியில் பதிவானவை.

காரணம் நம் மின்சாரத்தில் இருந்தது. 50 ஹெர்ட்ஸ் என்பது இன்றைய நிலை. 1990-களில் தென்னக மின்தொகுப்பில் தேவைக்கும் உற்பத்திக்கும் இடையே இழுபறி, அலைவரிசை 49-க்கும் கீழே அடிக்கடி இறங்கிக் கிடந்தது. அலைவரிசை குறையும்போது கூடுதலாக மின்சாரம் எடுக்கும் மாநிலம் அதிக விலை கொடுக்க வேண்டும் என்ற கட்டண முறை 2003 ஜனவரியில் தென்மாநிலங்களுக்கு வந்த பிறகுதான் நிலைமை சீரானது. அதற்கு முந்தைய கேசட்டில் இரைச்சலை 50 என்று நம்பி வேகத்தைத் திருத்தினால் பாட்டு தப்பாகத்தான் வரும். அயல்நாட்டுக் குறிப்புகளில் இது இருக்காது.

கீபோர்டை மட்டும் நம்பலாமா என்றால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. 463 என்பது ‘ஏ’ ஸ்வரத்துக்கு மேலே, அடுத்த அரைக் கட்டையான 466-க்கு வெகு பக்கத்தில். கீபோர்டுக்காரர் பாடகருக்காக அரைக் கட்டை ஏற்றி வாசித்திருந்தால்? அப்போது நாடா 0.7 சதவீதம் மெதுவாக ஓடுகிறது என்று பொருள்படும், கணக்கு தலைகீழாகிவிடும். இங்கேதான் மின்சார இரைச்சல் மறுபடி கைகொடுத்தது. இரண்டு ஊகத்தையும் வைத்து இரைச்சலைத் திருத்திப் பார்த்தேன். முதல் ஊகப்படி அன்றைய மின்சாரம் 48.6 ஹெர்ட்ஸ். இரண்டாவது ஊகப்படி 51.5. மாசி மாதம், இரவு எட்டு மணிக் கச்சேரி, வீட்டுக்கு வீடு விளக்கு எரியும் நேரம், மின்சாரத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த தென்னகம். 51.5 வர வழியே இல்லை. 48.6 இயல்பானது. ஆகவே 440-ஐ 463-ஆல் வகுத்து 0.950 என்று வேகத்தை மாற்றினேன். குரல்கள் மனிதக் குரல்களாக இறங்கி உட்கார்ந்தன.

முதலில் கேட்டபோது டெக்கின் ஆறு சதவீதமும் இந்த ஐந்து சதவீதமும் சேர்ந்து பாட்டு ஏறக்குறைய ஒரு முழுக் கட்டை மேலே கேட்டிருக்கிறது. அந்த நிலையில் நோட்டில் எழுதிய தீர்ப்புகளை எல்லாம் அடித்துவிட்டு மறுபடி கேட்டேன்.

‘சின்னச் சின்ன ஆசை’ பாட்டுக்கு எதிரே ‘சிறுமி, கீச்சுக் குரல், சுமார்’ என்று எழுதியிருந்தது. 1992-இல் வந்த ‘ரோஜா’ படப் பாட்டு. ஏ.ஆர். ரகுமானின் முதல் படம், வைரமுத்துவின் வரிகள், மின்மினியின் குரல். மேடைக் கேசட்டை 0.950-இல் ஓடவிட்டுச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், பாடுவது பெண்ணே அல்ல, ஒரு ஆண் என்றார். ஆர்க்கெஸ்ட்ராக்களில் பெண் குரலில் பாடும் ஆண்கள் உண்டு. பாடகி வராத நாளில் அவர்கள்தான் காப்பாற்றுவார்கள், சிலருக்கு அதற்கென்றே தனிக் கூட்டம் வரும். சரியான வேகத்தில் கேட்டால் அந்தக் குரலில் குழந்தைத்தனம் எதுவுமில்லை. மேல் ஸ்தாயியில் மெல்லிய பொய்க்குரல், கீழே இறங்கும்போது மட்டும் நெஞ்சுக்குரல் லேசாக எட்டிப் பார்க்கிறது. அந்த இறக்கத்தை அவர் மறைக்க முயலவே இல்லை. ஆசைகளை அடுக்கிக்கொண்டே போகும் பாட்டில் அந்தக் குரல் மாற்றம் ஒரு வயதுவந்த மனிதரின் ஏக்கமாக ஒலிக்கிறது. மின்மினி பாடியதில் இல்லாத ஒன்று இது.

இன்னொரு ஆச்சரியமும் அதில் இருந்தது. பல்லவியைத் தமிழில் பாடிவிட்டுச் சரணத்துக்குத் தெலுங்கில் நுழைகிறார். படம் தெலுங்கிலும் வந்ததால் அதே மெட்டுக்குத் தெலுங்கு வரிகள் உண்டு. சூளகிரி, ஓசூர் பக்கத்து ஊர்களில் முன்வரிசையில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சரணம் தொடங்கியதும் கூட்டத்திலிருந்து எழும் சத்தம் மைக்கில் தெளிவாக விழுந்திருக்கிறது. மொழி மாறும் இடத்தில் பாடகர் கால் மாத்திரைகூடத் தயங்கவில்லை. நோட்டில் ‘அருமை’ என்று மாற்றினேன்.

அதே பக்கத்தில் அடுத்தது ‘சிங்கார வேலனே தேவா’. ‘கொஞ்சும் சலங்கை’, 1962, எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. ஆபேரி ராகத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் கேள்வியும் பதிலுமாகப் போகும் பாட்டு. மேடையில் இதைத் தொடவே பலர் அஞ்சுவார்கள். வேகத்தைத் திருத்தி இதைக் கேட்கத் தொடங்கியதும் கீபோர்டு 440-இல் இல்லை. 447-இல் இருந்தது. நாடா வேகம் மாறிவிட்டதோ என்று இரைச்சலை அளந்தேன். திருத்திய பிறகு 97.2-இலேயே அசையாமல் நின்றது. நாடா மாறவில்லை, கீபோர்டுதான் மாறியிருக்கிறது.

பாட்டுக்கு முந்தைய அரை நிமிடத்தை ஒலி கூட்டிக் கேட்டால் காரணம் அங்கே முழுதாகப் பதிவாகியிருக்கிறது. முதலில் நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியைச் சரிசெய்யும் ஒரு சிறு பிளிறல். கோயில் திருவிழாவுக்கு வந்த நாதஸ்வரக்காரரை மேடைக்கு ஏற்றியிருக்கிறார்கள். அவர் ஷட்ஜத்தைப் பிடித்து நிற்கிறார். கீபோர்டும் அதே ஷட்ஜத்தைக் கொடுக்கிறது, இரண்டும் ஒட்டவில்லை. நெருங்கிய இரண்டு சுருதிகள் உரசும்போது வருமே அந்த விம்மல், வேகவேகமாகத் துடிக்கிறது. நாதஸ்வரத்தின் சுருதியை அங்கே மேடையில் மாற்ற முடியாது, கீபோர்டுதான் ஏறிவர வேண்டும். விம்மல் மெதுவாகிறது, இன்னும் மெதுவாகிறது, ஓரிடத்தில் ஓய்ந்து இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. யாரோ ‘ம்’ என்கிறார்கள். கீபோர்டின் பின்பக்கத்துச் சுருதித் திருகை வாசிப்பவர் திருப்பியிருக்கிறார். அப்படி ஒரு திருகு உண்டு, நாதஸ்வரம் மேடையேறினால் மட்டும்தான் அதைத் தொடுவார்கள் என்று சித்தப்பா சொன்னார். பெரிய மேடைக் கச்சேரிகளில்கூட இவ்வளவு பொறுமையாகச் சுருதி சேர்ப்பதை நான் அதிகம் கேட்டதில்லை.

பாட்டு அதற்குத் தகுந்தாற்போல் இருக்கிறது. நாதஸ்வரக்காரர் அசலின் ஸ்வரக் கோர்வைகளை அப்படியே வாசித்துவிட்டு நிறுத்தவில்லை. ஒரு சுற்று கூடுதலாக எடுத்து ஆபேரியை நிஷாதத்தில் நிறுத்தி, அங்கிருந்து வழுக்கிப் பஞ்சமத்துக்கு வருகிறார். பாடிய பெண் காத்திருந்து, அவர் முடித்த அதே பிடியை வாங்கிக்கொண்டு அகாரத்தில் பதில் சொல்கிறார். அசலில் இந்தப் பிடி இல்லை, அந்த இரவில் அங்கேயே பிறந்தது. தவில்காரர் எப்போது மேடைக்கு வந்தார் என்று தெரியவில்லை, நடுவில் தவில் சேர்ந்து ரிதம் பேடை அமுக்கிவிடுகிறது. பெட்டியிலேயே சிறந்தது இதுதான். தப்பான வேகத்தில் இதற்கு நான் கொடுத்திருந்த இடம் கடைசி.

மோசமானதும் அதே கேசட்டில்தான். ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத்தட்டு’. இளையராஜாவின் வயலின் கூட்டத்தை ஒரே கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸ் ஒலியில், இடது கையால் அமுக்கிய கார்டுகளில் கொண்டுவரப் பார்த்திருக்கிறார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். ஆட்டத்தின் வேகத்திலிருந்து அப்பரின் ‘குனித்த புருவமும்’ தேவாரத்துக்குப் பாட்டு திரும்பும் இடம்தான் அதன் உயிர். இங்கே ரிதம் பாக்ஸில் ஒரே தாளத்தைப் போட்டுவிட்டு யாரும் அதைத் தொடவில்லை. தேவாரத்துக்கு அடியிலும் அதே டிஸ்கோ தாளம் டொக்கு டொக்கென்று போய்க்கொண்டிருக்கிறது. பாடுகிறவர்கள் தேவாரத்தை அந்தப் பெட்டிக்குள் திணிக்க வேண்டியிருக்கிறது, சொற்கள் உடைகின்றன. வேகத்தைத் திருத்தியதும் இது கொஞ்சம் தேறும் என்று எதிர்பார்த்தேன். இன்னும் மோசமாகிவிட்டது. வேகமாக ஓடியபோது ஒரு துள்ளலாவது இருந்தது. இயந்திரம் கெடுத்த பாட்டு எது, ஆட்கள் கெடுத்த பாட்டு எது என்பது இப்போது சந்தேகமில்லாமல் தெரிகிறது.

கடைசியாகக் கூத்துக் கேசட். பாலக்கோடு பக்கத்தில் பாரதக் கூத்து நடந்தபோது, அபிமன்யு போருக்குப் புறப்படும் இரவில், பேட்டரி டேப் ரெக்கார்டரில் பதிந்தது. மின்சார இரைச்சல் இல்லை, கீபோர்டு இல்லை. ஹார்மோனியம் மட்டும் இருக்கிறது. நாற்பத்தைந்து நிமிடப் பக்கத்தின் தொடக்கத்தில் ஹார்மோனியத்தின் ஷட்ஜம் 396 ஹெர்ட்ஸ், முடிவில் 418. கேட்கும்போது இரவு முதிர முதிரச் சுருதியும் ஏறிக்கொண்டே போவது போலவும், எல்லோரும் ஆவேசத்தின் உச்சிக்குப் போவது போலவும் இருக்கும். ஆனால் ஹார்மோனியத்தின் நாக்கு சுருதி ஏறாது. பேட்டரி தளர்ந்திருக்கிறது, ரெக்கார்டர் மெதுவாகியிருக்கிறது, அதனால் திரும்ப ஓட்டும்போது ஏறுகிறது.

அந்த ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், ஹார்மோனியம் இன்னும் இருப்பதாகச் சித்தப்பா சொன்னதால் போய் அதன் ஐந்து கட்டையைப் போனில் பதிந்துகொண்டு வந்தேன். 394 ஹெர்ட்ஸ். பழைய நாக்குகள் சிறிது மாறியிருக்கலாம், ஆனால் இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. ஆடாசிட்டியில் இடத்துக்கு இடம் வேகத்தை மாற்றும் டைம் ட்ராக் சேர்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஷட்ஜத்தை அளந்து அந்தந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். நுணுக்கமான வேலை. புள்ளிகளை அதிகம் வைத்தால் பாட்டு அலையும், குறைத்து வைத்தால் நடுவில் சுருதி விலகும்.

அதில் அபிமன்யு மேடையேறும்போது ‘அச்சம் என்பது மடமையடா’ மெட்டு வருகிறது. ‘மன்னாதி மன்னன்’, 1960, கண்ணதாசன் வரிகள், விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை, டி.எம். சௌந்தரராஜன் குரல். கூத்தில் அந்த மெட்டுக்குச் சக்கர வியூகத்துக்குள் நுழையப் போகும் பிள்ளையின் சொற்களை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இடையிசையை முகவீணை என்ற சிறு ஊதுகருவி எடுத்துக்கொள்கிறது. ஐந்து கட்டையில் ஆண் தொண்டை, அதற்கும் மேலே முகவீணையின் கூர்மை. எம்.ஜி.ஆர் குதிரையில் வரும் மிடுக்கு இதில் கிடையாது. போகிறவன் திரும்பமாட்டான் என்று கேட்கும் எல்லோருக்கும் தெரியும், மெட்டு மட்டும் அஞ்சாமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சுருதி ஏற்றத்தை நீக்கிய பிறகு ஒரு விஷயம் தெளிவானது. சுருதி நின்றுவிட்டாலும் தாளத்தின் நடை உண்மையிலேயே கூடுகிறது, மிருதங்கக்காரர் ஒவ்வொரு சரணத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகிறார். பேட்டரியின் வேலைக்கு அடியில் இது மறைந்து கிடந்தது.

செலவுக் கணக்கு: பெல்ட்டுகள் 180 ரூபாய், பிஞ்ச் ரோலர் 350, ஆல்கஹால் அரை லிட்டர் 240, பஞ்சுக்குச்சிகள் 60, கணினிக்கு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் 2,600. மொத்தம் 3,430. இன்டர்ஃபேஸை விட்டுவிட்டுக் கணினியின் மைக் துளையிலேயே செருகலாம், ஆனால் அதன் சொந்த இரைச்சல் 50, 100 ஹெர்ட்ஸில் புகுந்து கேசட்டின் இரைச்சலோடு கலந்துவிடும். இந்த முறையில் அந்த இரைச்சல்தான் சாட்சி என்பதால் இங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டுப் பதிவுசெய்தேன், அதுவும் இதே காரணத்துக்காகத்தான். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்.

அடுத்த பெட்டியைத் தொடும்போது சிலவற்றை மாற்றுவேன். திருத்தாத பதிவைத் தனியாகப் பத்திரப்படுத்தி, திருத்திய பிரதியின் பெயரிலேயே வேக எண்ணை எழுதிவிடுவேன், ‘93 மாசி, ஏ பக்கம், 0.950’ என்பது போல. பின்னால் வருபவர் என் கணக்கை மறுத்துத் திருத்த வசதியாக இருக்கும். டெக்கை அரை மணி ஓடவிட்டுச் சூடான பிறகே 200 நொடிச் சோதனையைச் செய்ய வேண்டும், குளிர்ந்த மோட்டார் வேறு எண் காட்டுகிறது. திருகு இல்லாமல் ஒட்டிய கேசட் கூடுகளை உடைத்து நாடாவை ஐந்து திருகுக் கூட்டுக்கு மாற்றும் வேலையைப் பதிவுக்கு நடுவில் வைத்துக்கொள்ளாமல் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சு உதிர்ந்த கேசட்டுகளுக்கு வெர்ஷன் கேசட்டுகளிலிருந்து பஞ்சைக் கழற்றிப் போடப் போகிறேன். எல்லாவற்றுக்கும் முன்பாக, ஹார்மோனியமும் கீபோர்டும் வைத்திருக்கும் பழைய கலைஞர்களிடம் போய் அவற்றின் சுருதியைப் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தர்மபுரிப் பக்கத்து ஜமாக்களில் இரண்டு ஹார்மோனியங்கள் விற்பனைக்கு இருப்பதாகக் கேள்வி. அவை கைமாறும் முன் போக வேண்டும்.